வாடகை நிலத்தில் கூத்துக்களம்

மாசி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய களத்துமேடு சில நாள்களுக்கு அத்தினாபுரமாகிவிடுகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. உயர்ந்ததொரு மரத்தை நட்டு நிறுத்தினால் அது அர்ச்சுனன் தவம் செய்யும் கயிலாயம். மண்ணைக் குவித்துப் பல அடி நீளத்திற்கு மல்லாந்து கிடக்கும் உருவம் ஒன்றைச் செய்து வண்ணம் பூசினால் அவன் துரியோதனன். படுகளத்தன்று பீமன் வேடம் கட்டியவர் அந்த மண் தொடையில் ஓங்கி அடிப்பார். அதுவரை விரிந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்வாள். சூழ நிற்கும் ஊரார் கண்கலங்குவர். கிடப்பது மண் என்று அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவருமில்லை. அறிந்தே அழுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டிலும் 1991ஆம் ஆண்டிலும் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஊரே ஒரு காவியத்தின் நிலப்பரப்பாக மாறும் விந்தைதான் அவரையும் அத்தனை ஆண்டுகள் கட்டிப்போட்டது எனலாம்.

இல்லாத இடமொன்றைக் கட்டி எழுப்பி, அதற்குள் வேற்றுருக்கொண்டு புகுந்து, பலர் கூடி வாழ்ந்து பார்ப்பது நம் மக்களுக்குப் புதியதன்று. ஆயினும் கணினி வழியே கட்டப்படும் மெய்நிகர் உலகங்களைப் பற்றிய செய்தி நம் பக்கத்திலிருந்தே கிளம்பியபோது நாம் சற்றே திகைத்துத்தான் போனோம். 2022 பிப்ரவரி 6ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் திருமணம் முடித்த இளம் இணையர், தங்கள் வரவேற்பை இணையத்துக்குள் அமைத்த ஒரு மாயக் கோட்டையில் நடத்தினர். ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளியைப் போன்ற கோட்டை அது. விருந்தினர் தத்தம் வீட்டில் இருந்தபடியே, தமக்கெனத் தேர்ந்துகொண்ட உருவங்களில் அங்கு நடமாடினர். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி வரையில் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது என்பதை இங்கு நினைவூட்டலாம். அந்தக் கோட்டைக்குள் மணமகளின் மறைந்த தந்தையும் ஓர் உருவமாக நின்று வாழ்த்தினார். நாளிதழ்கள் புதுமையைப் பெரிதாக எழுதின. நம் உள்ளத்தில் நின்றதோ அந்தத் தந்தையின் உருவம். அதைப் பின்னர் பார்ப்போம்.

இத்தகைய உலகங்களைக் கட்டுபவர் யார்? கலைஞர்கள் எப்போது அங்கே குடியேறினர்? குடியேறியவர்க்கு என்ன நேர்ந்தது? இவ்வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீளமுடையது.

1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த விளையாட்டு ஒன்றில்தான் பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நிலத்தில் நடந்தனர். படமில்லை, எல்லாம் எழுத்து. 'நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்' என்பது போன்ற வருணனைகளே அதன் மலையும் காடும். 1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தார் 'ஹாபிடாட்' என்ற உலகைச் சோதனையாகத் திறந்தனர். கொமடோர் 64 என்னும் எளிய வீட்டுக் கணினியில், தொலைபேசிக் கம்பி வழியே நுழையும் உலகம் அது. அதில் நடமாடும் உருவத்திற்கு அதன் ஆக்குநர்கள் வைத்த பெயர் 'அவதார்'. நம் திருமால் கதைகளிலிருந்து போன சொல், கப்பலேறி அமெரிக்கா சென்று, கணினிச் சொல்லாகி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது!

ஹாபிடாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அதன் ஆக்குநர்களான சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் பதிவுசெய்து வைத்துள்ளனர். அங்கு குடியேறிய ஒருவர், யாரும் கேட்காமலேயே, வாரந்தோறும் பல மணிநேரம் உழைத்து அவ்வுலகத்திற்கென ஒரு செய்தித்தாள் நடத்தினார். கொள்ளையும் கொலையும் மலிந்த அவ்வூரில் மற்றொருவர் ஒரு கோயில் எழுப்பினார். 'புனித வால்நட் சபை' என்பது அதன் வேடிக்கைப் பெயர். அதன் அடியார் ஆயுதம் ஏந்தலாகாது, திருடலாகாது என்பது விதி. அதை நிறுவியவர் மெய்வாழ்வில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக் குருவானவர். விளையாடுவதற்கென்று அமைத்த இடத்தில் மக்கள் முதலில் தேடிக்கொண்டவை ஒரு பத்திரிகையும் ஒரு கோயிலும் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நீல் ஸ்டீபன்சன் 1992இல் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' என்ற புதினம் 'மெட்டாவெர்ஸ்' என்ற பெயரைத் தந்தது. கலைஞர்கள் பெருந்திரளாகக் குடியேறிய உலகம் 2003 ஜூன் மாதம் பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிலிப் ரோஸ்டேல் என்பவர் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனத்தின் 'செகண்ட் லைஃப்' அது. இரண்டாம் வாழ்வு! அதில் வெல்லவும் தோற்கவும் எதுவுமில்லை; ஆதலால் அதை விளையாட்டு என்பதற்கில்லை. 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட நிலத்துண்டுகள் இருந்தன. கனசதுரம், உருளை, கோளம் ஆகிய அடிப்படை வடிவங்கள் இருந்தன. இவற்றை நீட்டியும் குறுக்கியும் ஒட்டியும் வீடு, மரம், வீணை, விமானம் எதை வேண்டுமானாலும் குடியேறியவரே செய்துகொள்ள வேண்டும். குயவர் கையில் மண் இருப்பது போல. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. குடியேறியவர் படைத்த பொருளின் அறிவுசார் உரிமை படைத்தவர்க்கே உரியது என்றது. அக்காலத்து இணைய நிறுவனங்களிடையே இது அரிய செயல். சிற்பிகளும் தையற்கலைஞரும் கட்டடக் கலைஞரும் அங்கு வந்து கடை திறந்ததற்கு இதுவே முதற்காரணம். 'லிண்டன் டாலர்' என்ற உள்நாணயம் புழங்கிற்று. ஏறத்தாழ 250 முதல் 270 லிண்டன் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் கிடைக்கும். பாடகரின் முன் வைத்த சிறு உண்டியலில் கேட்பவர் காசு போடுவர். நம் கூத்தரங்கில் கலைஞருக்கு ரூபாய் குத்துவது போன்ற வழக்கம்தான்.

2006 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கப் பாடகி சுசேன் வேகா அங்கு வந்து பாடினார். அவர் உருவத்தின் கையில் இருந்த கித்தார், 'ராபி டிங்கோ' என்ற அவதாரப் பெயர் பூண்ட கலைஞர் பல நாள் உழைத்துச் செதுக்கியது. சுசேன் வேகாவைப் பற்றி வேறொரு செய்தியும் சுவையானது. பாடல்களைச் சுருக்கிக் கணினிக்குள் அடக்கும் எம்.பி.3 முறையை உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர் கார்ல்ஹைன்ட்ஸ் பிராண்டன்பர்க், வாத்தியமின்றி இவர் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சுருக்கிக் கேட்டே தம் முறையைச் செப்பனிட்டார். 2007 செப்டம்பரில் லிவர்பூல் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு தன் அரங்கத்தை அப்படியே அங்கு படியெடுத்து நிறுத்திக் கச்சேரி செய்தது. ஒரு நிலத்துண்டு ஏறத்தாழ நூறு உருவங்களுக்கு மேல் தாங்காது என்பதால் இருக்கைகள் மிகச் சிலவே. உலகமே வரக்கூடிய அரங்கம். உள்ளே நூறு பேர்!

பெயர் பெற்றவர்கள் வந்து போயினர். அவ்வுலகில் இசையை நிலைநிறுத்தியவர்கள் பெயர் பெறாதவர்கள். பகலில் வேறு தொழில் செய்து, இரவில் வீட்டின் மூலையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு, முப்பது நாற்பது உருவங்களுக்கு முன் பாடியோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர், இன்றும் உள்ளனர். உடற்குறையால் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவரும், பக்கத்தில் இசையரங்கமே இல்லாத சிற்றூரில் வாழ்பவரும் அங்கு மேடை பெற்றனர். இதை அற்பமென்று ஒதுக்குவோர் ஒரு கலைஞனுக்குக் கேட்பார் இல்லாமையின் துன்பத்தை அறியாதவர் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்குவது தேவை. ஏனெனில் நம் கூத்துக் கலைஞர் இவ்வுலகிற்குள் போக முடியுமா என்ற கேள்வி இதில்தான் தங்கியுள்ளது. செகண்ட் லைஃபில் பாடகரின் குரல், வானொலி ஒலிபரப்பைப் போல ஒரு தனி வழியில் கேட்பவரைச் சேர்கிறது. பத்து விநாடி, சில வேளை அதற்கும் மேல், தாமதமாகவே சேர்கிறது. அவர் பாட்டை முடித்து மௌனமாகி, அடுத்த பாட்டுக்குச் சுருதி கூட்டும்போதுதான் முந்தைய பாட்டுக்கான பாராட்டு எழுத்தில் வந்து விழும். ஒரு பாடகர் தனியே பாட இது இடையூறன்று. இருவர் சேர்ந்து வாசிக்க வேண்டுமானால்? தாளம் பிசகாமல் இருவர் இணைந்து வாசிக்க, ஒருவர் ஒலி மற்றவரை 30 மில்லி விநாடிக்குள் எட்ட வேண்டும் என்பது இசை அறிவியலார் பலரும் ஏற்கும் கணக்கு. காற்றில் ஒலி அந்நேரத்தில் கடப்பது ஏறத்தாழ 10 மீட்டர். கூத்துக் களரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள்ள தொலைவுதான். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தருமபுரிக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்க்கோட்டில் இழை பதித்தாலும் 40 மில்லி விநாடி ஆகும். நடைமுறையில் அதனினும் பன்மடங்கு. எவ்வளவு பணம் செலவிட்டாலும் இந்த எல்லையைக் கடக்கவியலாது. படைப்பின் விதி அது.

இனி நம் கூத்தை நினைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னிருந்து வேடதாரி விருத்தத்தின் கடைசிச் சொல்லை எடுத்துக் கொடுத்த நொடியில் பின்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்கிறார். முகவீணை அதைச் சுற்றி வளைக்கிறது. அடி வைக்கும் காலின் சலங்கையும் மத்தளத்தின் அடியும் ஒன்றாக விழுகின்றன. கட்டியங்காரன் கூட்டத்தில் உறங்குபவரைப் பார்த்து ஒரு குறும்பு சொல்ல, சிரிப்பு எழ, அந்தச் சிரிப்பின்மேல் அடுத்த சொல் ஏறி உட்காருகிறது. பத்து விநாடித் தாமதத்தில் இதில் எது மிஞ்சும்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கூத்தின் பருவம் தொடங்கியிருந்த வேளை அது. அவ்வாண்டும் மறு ஆண்டும் திருவிழாக்கள் நின்றன. ஆண்டு முழுவதற்கும் சோறு போடும் சில மாதங்கள் கலைஞருக்கு இல்லாமற் போயின. இணையத்துக்கு மாறலாமே என்று நகரத்தார் எளிதாகச் சொன்னார்கள். முன்பே பதிவுசெய்த கூத்துகளை யூடியூபில் ஏற்ற முடிந்தது. ஊர்விட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்ற நம் மக்கள் கைப்பேசியில் அவற்றைப் பார்க்கவும் செய்கின்றனர். ஆனால் அது கூத்தின் நிழற்படம். நேர் கூத்தை ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஆட எந்த மெய்நிகர் அரங்கமும் அன்று உதவியிருக்க முடியாது.

இந்தத் தடையையே கலையாக்கிய ஒரு குழு உண்டு. 2007ஆம் ஆண்டு செகண்ட் லைஃபுக்குள் தோன்றிய 'அவதார் ஆர்க்கெஸ்ட்ரா மெட்டாவெர்ஸ்' என்பது அதன் பெயர். பல கண்டங்களில் வாழும் இசையாளர் அதில் சேர்ந்தனர். வீட்டில் வாசிக்கும் இசையை அனுப்புவதை விட்டுவிட்டு, அவ்வுலகிற்குள்ளேயே ஒலிக்கும் வாத்தியங்களைச் செய்தனர். ஒருவர் பொத்தானை அழுத்த, அவர் அவதாரத்தைச் சூழ்ந்து ஒலி பிறக்கும். கேட்பவர் நிற்கும் இடத்திற்கேற்ப அது மாறும். தாமதத்தைப் பகையாகக் கொள்ளாமல், நீண்டு கரையும் ஒலிகளையே தேர்ந்து, ஒருவர் மற்றவரைக் காத்திருந்து கேட்கும்படி படைப்புகளை அமைத்தனர். ஆழ்ந்து கேட்டலையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்த அமெரிக்க இசைமேதை பாலின் ஒலிவெரோஸ் (1932-2016) தம் முதுமையில் இக்குழுவில் ஓர் உறுப்பினராகச் சேர்ந்தார். இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி இதுவே.

ஓவிய உலகிலிருந்து வந்தவர்களில் சீனத்தின் சாவ் ஃபெய் குறிப்பிடத்தக்கவர். 'சைனா டிரேசி' என்ற அவதாரப் பெயரில் உலவிய இவர், சீன நகரங்களின் அவசர வளர்ச்சியை எள்ளும் வகையில் 'ஆர்.எம்.பி. சிட்டி' என்ற தீவு நகரைக் கட்டினார். 2009 தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்து 2011இல் மூடினார். இன்று அந்நகரில் யாரும் நடக்கவியலாது. அங்கு எடுத்த படச்சுருள்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. ராபி டிங்கோவும் 2007இல் வான்கோவின் விண்மீன் இரவை அங்கு முப்பரிமாண ஊராகக் கட்டிக் குறும்படமாக்கினார்.

திருச்சபையும் இதைக் கவனியாமல் இல்லை. உரோமையில் இயேசு சபையினர் நடத்தும் 'லா சிவில்த்தா கத்தோலிக்கா' இதழில் 2007ஆம் ஆண்டு அருட்தந்தை அந்தோனியோ ஸ்பதாரோ செகண்ட் லைஃபைப் பற்றி விரிவாக எழுதினார். மனிதர் வேறொரு வாழ்வை ஏன் விரும்பித் தேடுகின்றனர் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அஞ்சி விலகாமல், அங்கிருக்கும் மனிதரைத் தேடிச் செல்லலாம் என்பது அவர் சார்பு. கன்னியாகுமரிக் கடற்கரையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிய சவேரியாரின் சபையைச் சேர்ந்தவர் இவ்வாறு எழுதியதில் வியப்பில்லை.

பிறகு பெருங்கூட்டங்களின் காலம் வந்தது. 2019 பிப்ரவரி 2ஆம் நாள் 'ஃபோர்ட்நைட்' என்ற துப்பாக்கி விளையாட்டுக்குள் மார்ஷ்மெல்லோ என்ற இசைக்கலைஞர் பத்து நிமிடம் நிகழ்ச்சி நடத்த, ஒரு கோடியே 7 இலட்சம் பேர் உள்ளே இருந்தனர் என்றார்கள். 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட்டின் நிகழ்ச்சிக்கு ஒரே வேளையில் ஒரு கோடியே 23 இலட்சம் பேர். எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. ஆனால் அக்கூட்டம் ஒரே இடத்தில் நிற்கவில்லை; சிலபத்துப் பேர் கொண்ட சிறு சிறு பிரிவுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் அதே காட்சி தனித்தனியே ஓடிற்று. பாடகரும் அங்கே பாடவில்லை; முன்பே ஆக்கி வைத்த வாணவேடிக்கை அது. முப்பது பேருக்கு முன் வீட்டு மூலையிலிருந்து பாடிய அந்தப் பெயரற்ற பாடகர் கண்ட சந்திப்பு இதில் எங்கே? நம் ஏ.ஆர். ரகுமான் இயக்கிய 'லே மஸ்க்' வேறு வகை. 2022இல் கான் நகரில் காட்டப்பட்ட அம்மெய்நிகர்ப் படம் மணத்தையும் சேர்த்து அளித்தது. ஆனால் கண்ணாடி அணிந்து நாற்காலியில் அமர்ந்தவர் தனியர்; அங்கு பக்கத்தில் யாரும் இல்லை.

2021 அக்டோபர் 28இல் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை 'மெட்டா' என மாற்றிக்கொண்டதும் உலகெங்கும் ஒரு பரபரப்பு எழுந்தது. 2022 குடியரசு நாளன்று பஞ்சாபிப் பாடகர் தலேர் மெஹந்தி, ஐதராபாத்தில் உருவான 'பார்ட்டிநைட்' என்ற உலகில் அவதாரமாகத் தோன்றிப் பாடினார். அதற்குப் பதினோரு நாள் கழித்து நடந்ததே நாம் முன்பு சொன்ன திருமண வரவேற்பு.

அந்தத் தந்தையின் உருவத்திற்கு வருவோம். இறந்தவரை உருவமாக்கி விழாவில் நிறுத்துவது முறையா என்று கேட்டவர்களும் உண்டு. நாம் அவ்வாறு கேட்கத் துணியோம். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இந்நாட்டில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவனைக் கல்லில் வடித்து, பெயர் பொறித்து, அதன்முன் வந்து நின்றவர்கள் நம் முன்னோர். அவற்றுள் பல்லவர் காலத்து எழுத்துடையனவும் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றின் ஒரு தொகுதியைக் காணலாம். இறந்தவர்க்கு உருவம் தந்து, அவர் கண் பார்க்க வாழ்வின் பெரிய நாளைத் தொடங்க விரும்புவது அதே உள்ளம்தான். கல்தச்சன் செய்ததை அங்கு ஒரு கணினிக் கலைஞன் செய்தான். நமக்குள்ள ஐயம் வேறு. கல் நின்ற நிலம் ஊருடையது. இந்த உருவம் நிற்கும் நிலம் யாருடையது?

இக்கேள்விக்கு மெய்நிகர் உலகங்களின் சாவு வரிசை ஒரு விடை தருகிறது. கூகிள் நிறுவனம் 'லைவ்லி' என்ற உலகை 2008 ஜூலையில் திறந்து, அவ்வாண்டு டிசம்பர் 31இல் மூடியது. அங்கு அறை அமைத்தவருக்கு ஆறு மாத வாழ்வுகூட வாய்க்கவில்லை. 'தேர்' என்ற உலகம் 2010 மார்ச்சில் மூடப்பட்டு, இரண்டாண்டு கழித்தே மீண்டும் திறந்தது. நகைச்சுவையாளரும் நடனக்காரரும் ஓவியரும் கூடிக் களித்த 'ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர்.' உலகத்தை மைக்ரோசாஃப்ட் 2017இல் வாங்கி, 2023 மார்ச் 10ஆம் நாள் அணைத்துவிட்டது. கடைசி இரவில் மக்கள் கூடி நின்று விடைபெற்றனர். மூடியவர்கள் எவரும் கொடியவர் அல்லர். கணக்குப் புத்தகத்தில் வரவு இல்லை. சர்வர் கணினிகளை நிறுத்தினர். அவ்வளவே. செகண்ட் லைஃப் இன்றும் நடக்கிறது என்பது உண்மை. ஆயினும் அங்கும் நிலம் மாத வாடகைக்கே. படைப்பின் உரிமை படைத்தவனுக்கு என்ற பெருமைமிகு அறிவிப்பு சட்டப்படி மெய். ஆனால் அவன் படைத்த மண்டபம் நிற்கும் கணினி நிறுவனத்தினுடையது. வாடகை நின்றால் மண்டபமும் நிற்காது. 2007 வாக்கில் ஒரு முழு நிலத்துண்டுக்கு மாதம் 295 டாலர். பள்ளிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் தந்த சலுகையை 2010இல் நிறுத்தப்போவதாக அறிவித்ததும் ஆசிரியர் பலர் கட்டியதை விட்டுவிட்டு வெளியேறினர். மூன்றாண்டு கழித்துச் சலுகை திரும்பியது. போனவர் பலர் திரும்பவில்லை.

நம் ஊர்க்களத்தோடு ஒப்பிடும்போது இதில் ஒரு முரண் தெரிகிறது. கூத்துலகம் விடியலில் கலைந்துவிடுகிறது. துரியோதனன் உருவ மண்ணை ஊரார் பிடிபிடியாக எடுத்துச் செல்கின்றனர். அடுத்த மழையில் அங்கே ஒன்றுமிராது. இதைவிட விரைவில் அழியும் உலகம் வேறேது? ஆனால் களம் ஊர்ப்பொது. மண் குழைக்கும் கை ஊரில் இருக்கிறது. பாட்டு வாத்தியார் நினைவில் இருக்கிறது. ஆகவே அழிந்த மறு ஆண்டு அதை மீண்டும் எழுப்ப எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மெய்நிகர் உலகத்துக் கலைஞனிடமோ திறமை இருக்கிறது, தோழர் இருக்கின்றனர். களம் மட்டும் பிறருடையது.

இதை உணர்ந்தவர் அங்கும் இருந்தனர். 2007 சனவரியில் 'ஓப்பன் சிமுலேட்டர்' என்ற திறந்த மென்பொருள் தொடங்கப்பட்டது. செகண்ட் லைஃபைப் போன்ற உலகத்தை எவரும் தம் சொந்தக் கணினியில், வாடகையின்றி, அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. ஒருவர் உலகிலிருந்து மற்றவர் உலகிற்கு நடந்து செல்லவும் பின்னர் பாதை அமைத்தனர். சலுகை நின்றபோது வெளியேறிய ஆசிரியர்கள் பலர் குடிபுகுந்தது இங்குதான். 2018இல் மோசில்லா நிறுவனம் தொடங்கிய 'ஹப்ஸ்' 2024 மே 31இல் மூடப்பட்டது. ஆனால் அதன் மென்பொருள் மூலம் முதலிலிருந்தே திறந்து வைக்கப்பட்டிருந்தமையால், பயன்படுத்தியவர்களே அதை ஏற்று நடத்தி வருகின்றனர். ஹாபிடாட்டும்கூட மீண்டது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்து அருங்காட்சியகம் ஒன்று அதன் பழைய மூலத்தைப் பெற்று 2016இல் பொதுவில் வைக்க, ஆர்வலர்கள் அதை மறுபடி இயக்கினர்.

ஓசூர், பெங்களூர்த் தொழிற்கூடங்களில் உருவ அசைவும் கணினி விளையாட்டும் செய்யப் பழகிய நம் மாவட்டத்து இளைஞர் சிலரேனும் இதைக் கவனிக்க வேண்டும். கிரீடமும் புயக்கட்டையும் எவ்வாறு செய்யப்படுகின்றன, முகவீணையின் துளைகள் எந்த இடைவெளியில் அமைகின்றன, திரைப்பிரவேசத்தில் கால் எப்படி விழுகிறது என்பன இன்னும் சில முதியவர் கையிலும் காலிலும் உள்ளன. அவற்றை அளந்து முப்பரிமாண உருவமாக்குவது இன்று ஒரு கைப்பேசியாலும் முடியும். செய்தால், மூலக் கோப்பு ஒரு படி கூத்துச் சங்கத்திலும் ஒரு படி ஊர்ப்பள்ளியிலும் இருக்கட்டும். காட்டும் இடம் எந்த நிறுவனத்தினுடையதாக வேண்டுமானாலும் இருந்துபோகட்டும்.